கொல்ல முடியாத செடி

மனித குலம் தோன்றிய நாள் முதல் தேடிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றைத்தான்: சாவே இல்லாத உயிர். அரசர்கள் அதற்காக மலை மலையாக ஆள் அனுப்பினார்கள். முனிவர்கள் மூச்சை அடக்கிப் பார்த்தார்கள். கடைசியில் அது அகப்பட்டது சுசீந்திரத்தில், கூட்டுறவுத் துறையில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்ற நாராயணபெருமாளின் வீட்டு முன்னறையில், ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டிக்குள். இலை எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். மாதம் ஒரு குவளை தண்ணீர் போதும். வெயில் வேண்டாம், உரம் வேண்டாம், அன்பாக ஒரு வார்த்தைகூட வேண்டாம். ஆப்பிரிக்காவின் வறட்சியைத் தாண்டி வந்த இசட்-இசட் செடி.

வாங்கிய நான்காவது மாதம் அழுகிச் செத்தது.

கொன்றது வறட்சி அல்ல, விளக்கம். வீட்டுக்கு யார் வந்தாலும் நாராயணபெருமாள் அவரைச் செடியின் முன்னால் நிறுத்துவார். “மாசத்துக்கு இவ்வளவு தண்ணிதான், பாத்துக்கிடுங்க,” என்று ஒரு குவளையை அதன் தலையில் கவிழ்த்துக் காட்டுவார். பால்காரருக்குக் காட்டினார், கேபிள்காரருக்குக் காட்டினார். அந்த வருடம் கார்த்திகை மாதத்தில் கல்யாணப் பத்திரிகை கொடுக்க நிறையப் பேர் வந்தார்கள்.

செத்தது என்று அவர் சொல்லவில்லை. ‘உறக்கநிலை’ என்றார். ‘வீட்டுக்குள் வனம்’ என்ற பெயரில் அவர் நடத்திவந்த வாட்ஸ்அப் குழுவில், “வேலைப்பளு மிகுந்தோரும் முன்னனுபவம் அற்றோரும் உறக்கநிலை கண்டு அஞ்சற்க” என்று ஒரு நீண்ட பதிவு போட்டார். எல்லோரும் கும்பிடு போட்டார்கள். பிறகு தொட்டியைத் தூக்கிப் புறவாசலில் கிணற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்கு மேல் அந்தப் பக்கம் அவர் போகவில்லை.

இந்தக் கதை அவருடையதாக இருந்திருந்தால் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு ஓர் அண்ணன் மகன் இருந்தான், பிரதீஷ். பிரதீஷுக்கு ஒரு மனைவி இருந்தாள், பிந்து. பிந்து பல் டாக்டர். நாகர்கோவிலில் இன்னொருவருடைய கிளினிக்கில் எட்டு வருடம் சம்பளத்துக்குப் பல் பிடுங்கிவிட்டு, வேலையை விட்டு, சுசீந்திரத்தில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இரண்டு அறை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகக் கிளினிக் தொடங்க இருந்தாள். பிரதீஷின் அப்பா இறந்த பிறகு குடும்பத்தின் மூத்த ஆண் என்ற பதவி நாராயணபெருமாளுக்கு வந்திருந்தது. அந்தப் பதவிக்கு ஓய்வு வயது கிடையாது.

கிளினிக்குக்குப் பிந்து வைக்க நினைத்திருந்த பெயர் ‘புன்னகை’. பலகையில் எழுதப்பட்ட பெயர் ‘நாராயணா’. அது குலதெய்வத்தின் பெயர் என்று விளக்கம் சொல்லப்பட்டது. சுவருக்கு அவள் கேட்டது இளநீலம். அடிக்கப்பட்டது மாம்பழ நிறம், அதுதான் வியாபாரத்துக்கு நல்லதாம். திறப்பு விழாவுக்கு அவள் சொன்னது ஞாயிறு காலை. குறித்துக் கொடுக்கப்பட்டது வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. ஒவ்வொன்றுக்கும் பிந்து சரி என்றாள். சரி என்று சொன்ன ஒவ்வொரு ராத்திரியும் தூக்கத்தில் பல்லைக் கடித்தாள். பல்லைக் கடிக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், தன் பல்லுக்குத் தானே ஓர் உறை செய்து மாட்டிக்கொண்டு படுத்தாள். அந்த உறையும் ஓரத்தில் தேய ஆரம்பித்திருந்தது.

அவள் தீர்மானிப்பதற்கென்று மிஞ்சியது வரவேற்பறையில் ஜன்னலை ஒட்டிய ஒரு மூலை. அதில் யாருக்கும் கருத்து இல்லாமல் இருந்தது. அங்கே ஒரு செடி வைக்கலாம் என்று நினைத்தாள். நினைத்ததை வீட்டில் சொல்லாமல், கொட்டாரம் பக்கம் இருக்கும் ஒரு நர்சரிக்குத் தனியாகப் போனாள்.

“எனக்குச் செடி வராது,” என்றாள், கடை நடத்தும் பேபியிடம். “துளசிகூட என் கையில தாங்கல்ல. காலம்பற போனா ராத்திரிதான் திரும்பி வருவேன். நானே நெனச்சாலும் கொல்ல முடியாத ஒண்ணு இருந்தா தாங்க.”

பேபி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “டாக்டரா?”

“எப்படித் தெரியும்?”

“கொல்லுகதப் பத்தி இவ்வளவு தைரியமாட்டு வேற யாரு பேசுவா?” என்று சொல்லிவிட்டு பேபி ஒரு தொட்டியை முன்னால் நகர்த்தினாள். வாள் வாளாக நிமிர்ந்த இலை, ஓரத்தில் மஞ்சள் கரை. “பாம்புச்செடி. மறந்து போனாத்தான் நல்லா வரும். என்னைக்காவது நெனவு வந்தா மண்ணுக்குள்ள விரல விட்டுப் பாருங்க. ஈரம் தட்டுப்பட்டா கைய கழுவிட்டுப் போயிருங்க. பாசத்துல அழுவித்தான் பாதிச் செடி சாவுது. ஜன்னல் பக்கம் வையுங்க, ஏசிக் காத்து நேரா மூஞ்சில அடிக்காண்டாம். அவ்வளவுதான். கூட ஒரு புத்தர் தல எடுத்துக்கிடுதீங்களா? செடிக்குப் பக்கத்துல வச்சா டாக்டர் ரூமுக்கு எடுப்பா இருக்கும்.”

“புத்தர் தல வேண்டாம்.”

“வெள்ளக் கல்லு?”

கூழாங்கல்லை மட்டும் வாங்கிக்கொண்டாள். ஸ்கூட்டரின் முன்னால் தொட்டியைக் கால்களுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டு வீடு திரும்பும்போது பிந்துவுக்கு ஏனோ பாட்டு வந்தது. அந்தக் கிளினிக்கில் அவளே பார்த்து, அவளே கேட்டு, அவளே வாங்கிய ஒரே பொருள் அது.

மறுநாள் அது கிளினிக் மூலைக்குப் போனதும் நாராயணபெருமாள் வந்து பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூலைக்கு முன்னால் நின்றார்.

“இது என்ன மக்களே?”

“பாம்புச்செடி, சின்ன மாமா. தண்ணி அதிகம் வேண்டாம்னு சொன்னாங்க.”

“பாம்பா? நோயாளி வரப்பட்ட எடத்துலயா?” அவர் சிரித்தார். விவரம் தெரியாதவர்களுக்கென்று தனியாக வைத்திருந்த சிரிப்பு அது. “இது மருளு. சுடுகாட்டு வேலியில நிக்கிய சாதனம். உனக்கு இதுல அனுபவம் பத்தாது பாத்துக்கோ. செடி தெரிஞ்செடுக்கியது ஒரு சாஸ்திரம். வேலப்பளு உள்ளவங்களுக்கு எது, ஒண்ணும் தெரியாதவங்களுக்கு எதுன்னு நான் தனித்தனியா எழுதியிருக்கேன். நீ குரூப்ல வாசிக்கலையா?”

பிந்து வாசிக்கவில்லை. பிந்து அந்தக் குழுவின் ஒலியை அடக்கி வைத்திருந்தாள்.

சாயங்காலம் கிளினிக்குக்குத் திரும்பிப் போனபோது மூலை காலியாக இருந்தது. பாம்புச்செடி கழிப்பறையில், ஃபினாயில் பாட்டிலுக்கும் துடைப்பத்துக்கும் நடுவில் நின்றது. உதவிக்கு வேலைக்குச் சேர்ந்திருந்த நந்தனா, “அந்த சார்தான் வைக்கச் சொன்னாரு மேடம். அங்க வச்சா தோஷம் இல்லியாம்,” என்றாள்.

அன்று ராத்திரி பிந்து பிரதீஷிடம் கத்தினாள். பிரதீஷுக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. எந்த விபத்திலும் யார் மேலும் தப்பில்லை என்று எழுதி எழுதிப் பழகியவன்.

“வயசானவரு பிந்து. செடிதானே. விட்டுரு.”

“செடிதானேன்னா ஏன் அவரு விடல்ல?”

“நல்லதுக்குத்தான் சொல்லுகாரு.”

“பேரு நல்லதுக்கு, பெயின்டு நல்லதுக்கு, இப்ப ஒரு தொட்டி செடி கக்கூஸ்ல நிக்கியதும் நல்லதுக்கா? நீங்க என்னைக்காவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘சித்தப்பா, அது அவ பாத்துக்கிடுவா’ன்னு சொல்லியிருக்கீங்களா?”

“திறப்பு விழா நல்லபடியா முடியட்டும். சத்தியபாய் டீச்சர் வேற வாறாங்க. இந்த நேரத்துல வீட்டுல சண்ட பெகளம் வேண்டாம்.”

அந்தப் பெயரைச் சொன்னதும் பிந்து அடங்கினாள். சத்தியபாய் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியின் தலைமை ஆசிரியை. பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் வருடம் முழுக்கப் பல் பரிசோதனை செய்ய ஒரு டாக்டரைத் தேடிக்கொண்டிருந்தார். பேருந்து நிறுத்தத்தைச் சுற்றி ஏற்கெனவே இரண்டு பல் கிளினிக்குகள் இருந்தன. அந்தப் பள்ளி கிடைத்தால் பிந்து பிழைத்துக்கொள்வாள். கிடைக்காவிட்டால் மாம்பழ நிறச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஆறு மாதம் உட்கார்ந்திருந்துவிட்டு, நாகர்கோவிலுக்கே திரும்பிப் போய், அதே முதலாளியிடம் அதே நாற்காலிக்குக் கெஞ்ச வேண்டியிருக்கும். “வந்து இடத்தப் பாக்குகேன் டாக்டர். பாத்துட்டுச் சொல்லுகேன்,” என்றிருந்தார் சத்தியபாய். அவர் பார்க்கப்போவது அந்தத் திறப்பு விழாவைத்தான்.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது நாராயணபெருமாள் தொலைபேசியில் கூவினார்.

“மக்களே! உயிர்த்தெழுந்துட்டு!”

“யாரு சின்ன மாமா?”

“இசட்-இசட்!”

கோடை மழை இரண்டு பெய்து நின்ற காலை, என்னமோ தேடிக் கிணற்றுப் பக்கம் போயிருக்கிறார். போனால், செத்த தொட்டியின் நடுவிலிருந்து ஒரு முளை, கட்டை விரலைவிடத் தடிமனாக, ஈட்டி போல நிமிர்ந்து நிற்கிறது. அதைப் படம் எடுத்து, “மரணத்தை வென்றது” என்று தலைப்பிட்டுக் குழுவில் போட்டார். கும்பிடுகள் குவிந்தன. சுசீந்திரத்திலும் சுற்று வட்டாரத்திலும் இருந்த அந்தக் குழுவினர் பாதிப்பேருக்கு வயல் உண்டு, விளை என்று சொல்லும் தோட்டம் உண்டு. படத்தைப் பார்த்ததும் அவர்களில் பலருக்கு அது இன்னது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அட்மினுக்குத் தெரியாதது தங்களுக்கு எப்படித் தெரியும் என்று எல்லோரும் கும்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

தொட்டி காரில் வந்தது. முன் இருக்கையில், சீட் பெல்ட் போட்டு. பின் இருக்கையில் நாராயணபெருமாளின் மனைவி பகவதியம்மாள், பிந்துவுக்குச் சின்ன அத்தை, மடியில் ஒரு பையோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். தொட்டியைப் பட்டுத்துணி ஒன்று தலையோடு மூடியிருந்தது, கல்யாணப் பெண்ணைக் கூட்டிவருவது போல.

“திறப்பு விழாவுல நான் பேசி முடிச்சப் பிறகுதான் துணிய எடுக்கணும். அதுவரைக்கும் யாரும் தொடாண்டாம். தண்ணி விடாண்டாம்,” என்றார் நாராயணபெருமாள், தொட்டியை வரவேற்பறையின் நட்ட நடுவில் இறக்கிவைத்து.

“இல்ல, அது வந்து…” என்று பகவதியம்மாள் ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரி. உனக்கு இதுல என்ன தெரியும்?”

பகவதியம்மாள் வாயை மூடிக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே கன்னியாகுமரி போகிற பேருந்தைப் பார்க்க ஆரம்பித்தாள். பிந்து அதைக் கவனித்தாள். சின்ன அத்தை பேருந்தை எவ்வளவு காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்கத் தாடை வலித்தது.

“சின்ன மாமா, எனக்கு நடுவுல தொட்டி வேண்டாம். ஆளுக நடக்கணும்.”

“நடப்பாவ மக்களே. சுத்தி நடப்பாவ.”

அடுத்த இரண்டு நாளும் நந்தனா அந்தத் துணியைச் சந்தேகத்தோடு பார்த்தாள். “மேடம், உள்ள என்னமோ வீங்கிக்கிட்டே வருது. நேத்து துணி இவ்வளவு பொந்தையா இல்ல.” பிந்துவுக்கு அதைப் பார்க்க நேரமில்லை. பார்க்க மனமும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை. குத்துவிளக்கு, ரோஜாப் பூத் தட்டு, பாயசம். கட்டடத்தின் சொந்தக்காரர் தங்கப்பன் புது வேட்டியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் அறையை நிறைத்திருந்தார்கள். சத்தியபாய் வெளிர் பச்சைச் சேலையில் வந்தார். கை குலுக்கினார், சிகிச்சை நாற்காலியைத் தட்டிப் பார்த்தார், கருவிகளைக் கொதிக்கவைக்கும் இயந்திரத்தைப் பற்றி இரண்டு நல்ல கேள்விகள் கேட்டார். முகம் தெளிவாக இருந்தது. பிந்துவுக்கு நெஞ்சு லேசானது. விளக்கேற்றியதோடு விழாவை முடித்திருந்தால் எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கும்.

ஆனால் நாராயணபெருமாள் மைக்கைக் கையில் எடுத்தார். முப்பது பேர் உட்கார்ந்திருந்த அறைக்கு அவர் மைக் கொண்டுவந்திருந்தார். ஏசி குளிருக்காகக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தப்பட்டன.

“அவையோரே! இன்றைய அவசர யுகத்தில் மனிதனுக்கு நேரமில்லை. செடிக்கோ, மனிதன் தேவை. இந்த இரண்டுக்கும் நடுவே பாலம் அமைப்பவை எவை?”

யாருக்கும் தெரியவில்லை.

“பராமரிப்பு குறைந்த உள்ளறைத் தாவரங்கள்!”

முதலில் நந்தனாதான் மூக்கைச் சுருக்கினாள். பிந்துவின் பக்கம் சாய்ந்து, “மேடம், எலி கிலி செத்துக் கெடக்கா?” என்று முணுமுணுத்தாள். சத்தம் இல்லாமல் ஒரு நாற்றம் அறைக்குள் எழுந்துகொண்டிருந்தது. மீன் சந்தையில் மத்தியானத்துக்கு மேல் வருமே, அதற்கும் அடுத்த நாள் வாடை. ஏசி அதைக் குளிரவைத்து எல்லா வரிசைக்கும் சமமாகப் பங்கு வைத்தது.

இதுவே வேறு இடமாக இருந்திருந்தால் யாராவது எழுந்து சாக்கடையைப் பார்த்திருப்பார்கள். இது பல் கிளினிக். நாற்றம் என்றதும் ஒவ்வொருவருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது அவரவர் வாய். தங்கப்பன் மெல்லத் துண்டை எடுத்து உதட்டை மூடினார். மளிகைக்கடைக்காரர் உள்ளங்கையைக் குவித்து ஊதி, முகர்ந்து, திடுக்கிட்டார். உறவுக்காரப் பெண்கள் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார்கள். பிரதீஷ் பையிலிருந்து ஏலக்காய் எடுத்து மென்றான். பேசிக்கொண்டிருந்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. எல்லோரும் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து ஒரு விரற்கடை விலகி உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருப்பவரைக் காப்பாற்றுவதற்காக.

பிந்து சத்தியபாயைப் பார்த்தாள். சத்தியபாயின் கைக்குட்டை வாயின் மேல் இருந்தது. நெற்றி சுருங்கியிருந்தது.

எட்டு வருடம். ராஜினாமாக் கடிதம். கடன் வாங்கி வாங்கிய நாற்காலி. பல் டாக்டரின் அறையில் நாற்றம் என்றால், அந்தப் பேச்சு பக்கத்து ஊரான ஆசிரமம் போய்ச் சேர்வதற்குள் அவளுடைய பெயராகிவிடும். உள்ளே ஒரு சின்ன வேலை இருப்பதாக நந்தனாவிடம் சொல்லிவிட்டு எழுந்து உள்ளறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். நேராகச் சத்தியபாயின் எதிரே போய் நின்று, குழந்தைகளின் பாற்பல் பற்றித் தெளிவாக, நெருக்கத்தில், நிதானமாகப் பேசினாள். நாற்றம் குறையவில்லை. கூடியது.

“…இத்தாவரம் காற்றிலுள்ள நச்சுக்களை உறிஞ்சுகிறது,” என்று நாராயணபெருமாள் பேசிக்கொண்டே போனார். அவரும் நடுவில் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். “இந்த அறையின் காற்று மற்ற அறைகளின் காற்று போன்றதல்ல. நீங்களே உணர்வீர்கள். எல்லோரும் கண்ணை மூடுங்கள். நான் சொல்லும்போது நன்றாக மூச்சை உள்ளே இழுங்கள். இழுங்கள்!”

மரியாதை தெரிந்த சபை. இழுத்தது.

ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. யாரோ இருமினார்கள். நாராயணபெருமாள் அதை உணர்ச்சிவசம் என்று எடுத்துக்கொண்டு, “இதோ, மரணத்தை வென்ற…” என்று பட்டுத்துணியை உருவினார்.

துணிக்கு உள்ளே ஆப்பிரிக்கா இல்லை. தொட்டியின் வாயை அடைத்துக்கொண்டு, ஈரல் நிறத்தில், ஓரமெல்லாம் சுருங்கி மடிந்து, பன்றிக்குட்டி தலையளவு விரிந்து கிடந்தது ஒரு பூ. நடுவில் கறுஞ்சிவப்பாக ஒரு மொத்தை. அதன் மேல் ஈக்கள்.

தங்கப்பன் துண்டை வாயிலிருந்து எடுத்தார்.

“ஓய், இது சேனைப்பூவு இல்லியா வே!”

எல்லாக் கைகளும் எல்லா வாய்களையும் விட்டு இறங்கின. அறை முழுக்க ஒரு பெருமூச்சு போனது. நாற்றத்தைவிட அது பலமாகக் கேட்டது.

“சேனையேதான். எங்க விளையில போன வருசம் ஒண்ணு பூத்து, நாங்க செத்த பூனையத் தேடி அலைஞ்சோம்.”

“அதான் பாத்தேன்! படத்துல பாத்த அன்னைக்கே நெனச்சேன்!”

“நெனச்சீரா? பின்ன ஏன் சொல்லல்ல?”

“நீரு சொன்னீரா?”

“இது என் விதைச்சேனை,” என்றாள் பகவதியம்மாள், யாரும் கேட்காமலேயே. எழுந்து நின்றுவிட்டாள். “மாசி மாசம் ஊன்றுனது. கிணத்தடியில தொட்டி மண்ணோட சும்மா கெடந்து. மாசியில மண்ணு சும்மா கெடந்தா பின்ன என்ன செய்யுவாங்க? சேனை நடுவாங்க. நல்ல முழுச்சேனை, வெட்டாம வச்சேன். வெட்டாம வச்சா பூக்கும்.”

“ஏட்டி, நீ சொல்லியிருக்கலாம்லா?” நாராயணபெருமாளின் குரல் மைக்கில் நடுங்கியது. மைக்கை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை.

“சொல்ல வந்தேன். இஞ்ச வச்சுத்தான் வாயத் தொறந்தேன். சும்மா இரின்னிய. இருந்தேன்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நாராயணபெருமாள் கையை உயர்த்தினார். இத்தனை வருடம் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கிய கை. “அமைதி. ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேனையும் ஒரு வகையில் பராமரிப்பு குறைந்த தாவரம்தான். வேலைப்பளு மிகுந்தோர்…”

“நிறுத்துங்க.”

பிந்துவின் குரல். சிரிப்பு நின்றது.

“நிறுத்துங்க சின்ன மாமா. இது என் கிளினிக்கு. வாடகை நான் கொடுக்கேன். பேரு நீங்க வச்சீங்க, சரின்னேன். நெறம் நீங்க சொன்னீங்க, சரின்னேன். நாளு, நேரம், பாயசத்துல எவ்வளவு முந்திரின்னு வரைக்கும் நீங்க. ஒரே ஒரு மூலை எனக்குன்னு கெடந்து. அதுல நானா போயி, கேட்டு, ஒரு செடி வாங்கி வச்சேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எனக்கே தெரியும், அதுனாலதான் கேட்டு வாங்குனேன். அத கக்கூஸ்ல கொண்டு வச்சீங்க. வச்சுட்டு, நீங்களே தண்ணி விட்டுக் கொன்ன தொட்டியத் தூக்கிட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கீங்க.”

“மக்களே, பெரியவங்க முன்னால…”

“வீட்டுப் புறவாசல்ல என்ன முளைக்குதுன்னு தெரியாது. பக்கத்துல நிக்கிய அத்தைகிட்ட ஒரு வார்த்த கேக்க மாட்டீங்க. ஆப்பிரிக்காவப் பத்தி அரமணிக்கூறு பேசுவீங்க.”

“பிந்து,” என்றான் பிரதீஷ், ஏலக்காய் வாயோடு. “ஆளுக இருக்காங்க.”

“நீங்க பேசாதீங்க. நீங்க அன்னைக்கே வாயத் தொறந்திருந்தா நான் இன்னைக்குத் தொறக்க வேண்டி வந்திருக்காது.”

அவள் தொட்டியைப் பிடித்து இழுத்தாள். கனத்தது. யாரும் உதவிக்கு வரவில்லை, பயம். பகவதியம்மாள் மட்டும் வந்து மறுபக்கம் பிடித்தாள். மாமியும் மருமகளுமாக அதை தரை ஓடு தேயத் தேய இழுத்து, கதவைத் திறந்து, படியில் கொண்டுபோய் வைத்தார்கள். பேருந்துக்கு நின்றவர்கள் விலகினார்கள். பிந்து திரும்பி வந்து எல்லா ஜன்னல்களையும் திறந்தாள். பிறகு, கூட்டத்துக்கு நடுவே புகுந்து கழிப்பறைக்குப் போய், பாம்புச்செடியைத் தூக்கிவந்து மூலையில் நச்சென்று வைத்தாள். ஒரு வெள்ளைக் கூழாங்கல் தெறித்து நாராயணபெருமாளின் செருப்பருகே உருண்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வந்தவர்கள் பாயசம் குடிக்காமல் கலைந்தார்கள். நாராயணபெருமாள் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். பகவதியம்மாள் அவரோடு போகவில்லை. சேனையைத் தோண்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். பிந்து வாசலில் நின்று அதைப் பார்த்தாள். கோபம் வடிந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. பள்ளி போயிற்று. முதியவரைச் சபையில் நிற்கவைத்துக் கிழித்தவளிடம் எந்த டீச்சர் பிள்ளைகளை அனுப்புவாள்?

“டாக்டர்.”

சத்தியபாய் பின்னால் நின்றார். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“அந்த நாத்தம் கெளம்புனப்போ நான் ஒவ்வொருத்தரா பாத்தேன். எல்லாரும் வாயப் பொத்துனாவ. நானும்தான், எனக்குக் கீழ ஒரு கட்டுப்பல் உண்டு, அதுதானோன்னு உயிரே போயிட்டு. ஒங்க மாமாகூட மைக்கத் தள்ளிப் பிடிச்சாரு. நீங்க ஒருத்தி மட்டும் என் மூஞ்சிக்கு நேரா நின்னு, வாயத் தொறந்து, தைரியமாட்டுப் பேசுனீங்க.”

பிந்து புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

“தன் வாய் மேல தனக்கு நம்பிக்க உள்ள டாக்டருதான் எங்க பிள்ளைகளுக்கு வேணும். திங்கக்கிழம பள்ளிக்கு வாங்க, பேசி முடிச்சுக்கிடலாம்.”

பிந்து நன்றி சொன்னாள்.

நாராயணபெருமாள் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளறைக்குப் போனவள், கதவைத் தாழிட்டுக்கொண்டு, இரண்டு தடவை பல் தேய்த்திருந்தாள்.